மூக்கின் சிவப்பு உறவாகுமா

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. மரவள்ளி இலை உடம்பாகும், நந்தியாவட்டை இலை இறக்கையாகும், காக்காப்பொன் கண்ணாகும், எல்லாவற்றையும் வாழைநார் இழுத்துப் பிடிக்கும். மூக்குக்கு மாதுளம்பூ. அந்தப் பூ இல்லாவிட்டால் அது ஓர் இலைப்பொட்டலம். பூ ஏறிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, அது கிளிதான். தமிழ் மனத்தில் கிளிக்கு இரண்டே அடையாளம்: பச்சை உடம்பு, சிவந்த மூக்கு. மாம்பழத்துக்குக் கிளிமூக்கு என்று பெயர் வைத்ததும் அந்தக் கண்தான். சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களில் மீனாட்சி கையில் உட்கார்ந்திருப்பதும் அந்தக் கிளிதான். சிவகாசியைத் தாண்டிக் கிழக்கே அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தின் பக்கமுள்ள கரிசல் காடுகளில், மக்காச்சோளக் கதிரைத் தோலுரித்துப் பால்மணியைக் கொறிக்கும் பச்சைக்கிளியும் இந்த அடையாளத்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். பறவை நூல்கள் அதைச் செந்தார்ப் பைங்கிளி என்கின்றன. விதைத்தவர்கள் அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை.

இந்த மூக்குச் சிவப்பு, கடலுக்கு அப்பால் இறந்துபோன ஒரு பறவையின் வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறியிருக்கிறது. ரீயூனியன் தீவில் வாழ்ந்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மறைந்த மஸ்கரீன் கிளி நம்மூர்க் கிளிகளின் பங்காளியா, மடகாஸ்கர் கிளிகளின் பங்காளியா என்பதுதான் வழக்கு. சிவந்த மூக்கைப் பார்த்தவர்கள் ஒரு கட்சி, கருத்த இறகைப் பார்த்தவர்கள் இன்னொரு கட்சி. 2012இல் டி.என்.ஏ. வந்து இறகுக் கட்சிக்குத் தீர்ப்பெழுதியது. ஐந்தே ஆண்டில் இன்னொரு டி.என்.ஏ. வந்து அந்தத் தீர்ப்பைத் திருப்பியது. இந்தக் கதையைக் கேட்டவுடன் ‘விஞ்ஞானம் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும்’ என்று கைகழுவுவது எளிது. எனக்குத் தோன்றுவது வேறு. டி.என்.ஏ.வும் ஒரு சாட்சிதான். மற்ற சாட்சிகளைவிட வலுவானது, ஆனாலும் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது. அந்த விசாரணைக்கு வழி விட்டது எந்தப் புதுக் கருவியையும்விட, இன்னொரு ஊரில் யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்த இரண்டாவது தோல்.

முதலில் அந்தப் பறவை. மொரீஷியஸ், ரீயூனியன், ரொட்ரிக்ஸ் ஆகிய மூன்று தீவுகளையும் சேர்த்து மஸ்கரீன் தீவுகள் என்பார்கள். ரீயூனியனுக்கு அந்நாளில் பூர்போன் என்று பெயர். 1671, 72இல் அங்கே தங்கியிருந்த துபுவா என்ற பிரெஞ்சுக்காரர் 1674இல் வெளியிட்ட பயண நூலில், தீவின் கிளிகளில் ஒன்றுக்கு அணில் தோலின் சாம்பல் நிறம், கறுப்பு முக்காடு, நெருப்பு நிறத்தில் பெரிய அலகு என்று எழுதிவைத்தார். (சாம்பல் நிற அணிலுக்கே ஒரு சரணாலயம் வைத்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்களுக்கு அந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை.) பிறகு சில பறவைகள் உயிரோடு பிரான்சுக்குப் போய்க் கூண்டில் வாழ்ந்தன. பாரிசில் மாத்துரின் பிரிஸ்ஸோன் என்ற அறிஞர் 1760இல் வெளியிட்ட பறவையியல் தொகுதியில் இதற்கு மஸ்கரீன் என்ற அடையாளத்தோடே பெயர் வைத்தார். 1771இல் லின்னேயஸ் அதைத் தன் பெயரிடும் முறைக்குள் கொண்டுவந்தார்.

பிரிஸ்ஸோனின் அதே நூலில் இன்னொரு பறவையும் இருக்கிறது, அதற்கு அவர் வைத்த பெயர் செஞ்சிக் கிளி. நம் செஞ்சிக்கோட்டைதான். 1750இல் புஸ்ஸியின் படை அதைப் பிடித்தது முதல் 1761இல் ஆங்கிலேயரிடம் விழும்வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போன பெரிய பச்சைக்கிளிக்கு, தோளில் சிவப்புத் திட்டும் தடித்த செவ்வலகும் உள்ள அந்த இனத்துக்கு, ஊர்ப்பெயரே பெயராயிற்று. அந்தக் கிளி செஞ்சிக் காட்டில் பறந்ததா, கோட்டையில் யாரோ கூண்டில் வளர்த்ததா என்பது வேறு விஷயம். இன்று உலகம் அதை அலெக்சாண்டர் பெயரால் அழைக்கிறது. செஞ்சியை மறந்தாயிற்று. இரண்டு பறவைகளும் ஒரே நூலில் சந்தித்ததற்குக் காரணம் ஒரே கப்பல் வழி. புதுச்சேரிக்கும் பூர்போனுக்கும் இடையே கம்பெனிக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்தத் தீவுகளிலிருந்து வரும் கப்பல்களையும் சேதிகளையும் திரும்பத் திரும்பப் பேசுகிறது. மொரீஷியசின் போர்ட் லூயி துறைமுகத்தை எழுப்பத் தீவுகளின் ஆளுநர் லா பூர்தொனே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களைக் கூட்டிப்போனதும் அந்த வழியில்தான். மனிதர், கிளி, சரக்கு எல்லாம் ஒரே பாய்மரத்தில் போயின.

இன்று உலகில் மஸ்கரீன் கிளியின் உடலாக எஞ்சியிருப்பவை இரண்டே தோல்கள். ஒன்று பாரிஸ் அருங்காட்சியகத்தில். இன்னொன்று வியன்னாவில். வியன்னாத் தோல் வந்த விதம் ஒரு ஏலக் கதை. லண்டனில் சர் ஆஷ்டன் லீவர் சேர்த்த புகழ்பெற்ற சேகரம் 1806இல் பொருள் பொருளாக ஏலத்தில் போனபோது, வியன்னாவின் சார்பில் வாங்கிய பொருட்களோடு இதுவும் போயிற்று. இறகில் இங்குமங்கும் வெள்ளை விழுந்த பறவை அது. நல்ல நிறத்தில் அழகாகக் காட்டிவைக்க லாயக்கில்லாதது என்று யாராவது சொல்லியிருந்தால் மறுப்பதற்கில்லை. பவேரிய மன்னரின் பறவைக் கூடத்தில் 1834 வரை ஒன்று உயிரோடு இருந்ததாக ஒரு ஜெர்மன் நூல் சொல்லப்போக, அதைத்தான் கடைசிப் பறவை என்று நூற்றாண்டுக்கு மேல் எழுதிவந்தார்கள். அந்த மன்னர் மாக்சிமிலியன் 1825லேயே இறந்துவிட்டார், கூடமும் கலைந்துவிட்டது. எழுதியவர் பழைய படத்தையும் பழைய சேதியையும் புதிதாக விற்றிருக்கிறார் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். காகிதச் சாட்சியின் லட்சணம் இது என்பதற்காகச் சொல்கிறேன், டி.என்.ஏ. மட்டும்தான் தப்பு செய்யும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உறவுமுறை பற்றிய பழைய வாதம் எப்படி நடந்தது? மடகாஸ்கரிலும் கொமொரோ தீவுகளிலும் வாசாக் கிளிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. கரிய பழுப்பும் சாம்பலுமான உடம்பு, பச்சைக்கு இடமே இல்லை. மஸ்கரீன் கிளியும் அப்படிச் சாம்பல்தான், தீவும் மடகாஸ்கருக்குச் சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே அது வாசா வகையறா என்றார்கள் பலர். எதிர்க்கட்சி மூக்கைக் காட்டியது. அந்த அளவுக்குத் தடித்த, இரத்தச் சிவப்பான அலகு வாசாவுக்கு ஏது? அது ஆசியப் பைங்கிளிகளின் முத்திரையல்லவா? அதோடு மஸ்கரீன் தீவுகளில் மறைந்துபோன மற்ற கிளிகளின் எலும்புகளைக் குகைகளிலும் சதுப்புகளிலும் தோண்டி எடுத்தபோது, அவை ஆசியக் கூட்டத்தின் சாயலில் இருந்தன. 2007இல் ஜூலியன் ஹியூம் அந்த எலும்புகளையும் பழைய குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து அலசி, தீவுகளின் கிளிகள் ஆசிய வழியில் வந்தவை என்ற கட்சியைப் பலப்படுத்தினார். இரண்டு தரப்பிலும் ஆதாரம் உண்டு, இரண்டு தரப்பிலும் அது சாயல்தான். சாயலை வைத்து வகையறா சொல்வது நம்மூர்க் கல்யாண வீட்டில் பெரியவர்கள் செய்கிற வேலை. பத்தில் எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இரண்டில்தான் பாகப்பிரிவினை வழக்கு வரும்.

செத்த விலங்கின் தோலிலிருந்து உறவைப் படிக்க முடியும் என்பது 1984இல் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரையின் தோல் ஒன்று ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து கலிஃபோர்னியாவில் ஆலன் வில்சனின் ஆய்வுக்கூடம் 229 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ.வை மீட்டது. பறவைத் தோலில் இந்த வேலை கால்விரலின் அடித்தோலில் நடக்கும். காட்சிக்குத் தெரியாத இடம், கத்தியால் நெல்லளவு சீவினால் போதும். அந்தத் துணுக்கில் இருப்பது முழு ஏடு கிடையாது. பூச்சி அரிக்காமலிருக்கத் தடவிய ஆர்சனிக் சோப்பு, புகையிட்ட கந்தகம், வெயில், இருநூறு வருஷக் காற்று எல்லாம் சேர்ந்து எழுத்துக்கோவையைப் பொடிப்பொடியாக ஒடித்திருக்கும். உயிரணு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் பிரதி இருப்பதால் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஓரளவு தப்பிப் பிழைக்கும், அதைத்தான் தேடுவார்கள். அது தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஆகவே அதில் படிக்கிற உறவு தாய்வழி உறவு மட்டும், தகப்பன் வழியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கிடைத்த துணுக்கை இயந்திரத்தில் இட்டுக் கோடிக்கணக்கில் பிரதி எடுப்பார்கள். இங்கேதான் ஆபத்து. சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் பிளேட்டில் ஒரு தேதி தப்பாக விழுந்துவிட்டால் பத்தாயிரம் காலண்டரிலும் அதே தப்புத் தேதிதான் விழும். அத்தனையும் ஒன்றுபோல இருப்பதே அது சரியென்பதற்கு அத்தாட்சி ஆகிவிடாது. பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கும் அப்படித்தான். தனக்குள் வந்தது பழைய கிளியின் உடைந்த எழுத்தா, பக்கத்து மேசையிலிருந்து வந்த புதிய கிளியின் முழு எழுத்தா என்று அதற்குத் தெரியாது. முழுசாக இருப்பதைத்தான் முதலில் பிரதி எடுக்கும்.

2012இல் சமித் குண்டு, ஜிம் குரூம்பிரிட்ஜ் முதலியோர் இந்தியப் பெருங்கடல் கிளிகள் மொத்தத்துக்கும் ஒரு வம்சமரம் வரைந்தார்கள். பாரிசின் தோலிலிருந்து எடுத்த எழுத்தும் அதில் சேர்ந்தது. மஸ்கரீன் கிளி எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? பிரிஸ்ஸோனின் செஞ்சிக் கிளிக்குப் பக்கத்தில்கூட இல்லை, வாசாக் கிளிகளுக்கு நடுவே. மடகாஸ்கர்ப் பக்கத்துக் கரிய கூட்டத்தின் கிளைகளுக்கு இடையில் பூர்போனின் சாம்பல் பறவை. இறகுக் கட்சி ஜெயித்தது. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது: மடகாஸ்கர்க் கிளியின் ஒரு கிளை கடல் தாண்டிப் போய், மூக்கைச் சிவப்பாக்கிக்கொண்டு, ஒரு தீவில் முடிந்துபோயிற்று. இதை நம்ப மறுப்பவர், ‘வாசாவின் உருவம் இப்படி மாற முடியுமா’ என்று கேட்கலாம். அந்த மறுப்பு மட்டும் போதாது என்பதே என் எண்ணம். தீவுகள் எந்த உருவத்தையும் எந்த வேகத்திலும் மாற்றக்கூடியவை. பறக்காத, வான்கோழி பருமனில் இருந்த டோடோவுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு நம் நிக்கோபார் புறா என்று ஆக்ஸ்ஃபோர்டில் மிஞ்சிய டோடோவின் டி.என்.ஏ.வே 2002இல் சொன்னது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் சாயல் இல்லை என்பதற்காக மட்டும் இதைத் தள்ள முடியாது.

தள்ளியது வேறு விதத்தில். வியன்னா அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் இருந்த அனிதா கமாவுஃபும், லார்ஸ் போட்சியாட்லோவ்ஸ்கியும், டில் டோப்ஃபரும் 2017இல் அந்த இரண்டாவது தோலைத் தொட்டார்கள், வெள்ளை விழுந்த அந்த ஏலப் பறவையை. அதிலிருந்து வந்த எழுத்து வாசாக் கிளிகளின் அருகே போகவில்லை. ஆசியப் பைங்கிளிகளோடு, செஞ்சிக் கிளிக்கு அருகே போய்ச் சேர்ந்தது. முன் ஆய்வில் மஸ்கரீன் கிளி என்று பதிவான எழுத்து, வேறு இரண்டு கிளி இனங்களின் எழுத்துத் துண்டுகள் ஒட்டிச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள். அந்த ஆய்வில் வேறு பல கிளிகளும் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எப்படி நேரும் என்பது புரியும். பட்டாசுத் தொழில் தெரிந்தவர்களுக்கு ஓர் உவமை உண்டு. மத்தாப்பில் பச்சை ஒளி வருவது பேரியம் நைட்ரேட்டால், சிவகாசியில் பச்சை உப்பு என்பார்கள். (உச்ச நீதிமன்றம் 2018இல் தடைசெய்தது அதைத்தான்.) அந்தக் கலவையில் சோற்றுப்பு துளி சேர்ந்துவிட்டால் போதும், சோடியத்தின் மஞ்சள் பச்சையை விழுங்கிவிடும். கலந்தது கொஞ்சம்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது, ஏனென்றால் கொஞ்சமாக இருப்பது பலமாக எரிகிறது. பழைய தோலின் டி.என்.ஏ. மங்கலாக எரியும் பச்சை. உயிருள்ள பறவையின் டி.என்.ஏ. சோடியம்.

சரி, 2012 தப்பென்றால் 2017 மட்டும் சரியென்று எப்படிச் சொல்வது, அதுவும் ஒரு தோல், ஓர் ஆய்வுக்கூடம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு முடிவுகளையும் தராசின் இரு தட்டில் சமமாக வைக்க முடியாததற்குக் காரணம், அவை எந்தத் தவறால் விளையக்கூடும் என்பது ஒன்றல்ல என்பதே. கலப்படம் நேர்ந்தால் விடை எந்தத் திசையில் சாயும்? கையருகே இருக்கும் வேறு இனங்களின் திசையில். 2012இன் விடை அப்படியே இருக்கிறது: வேறு இனங்களின் துண்டுகள் ஒட்டி, வாசாக் கிளிகளுக்குள் புகுந்து உட்கார்ந்த விடை. 2017இன் விடை அந்த ஒட்டைக் கண்டுகொண்ட விடை, இரண்டாவது தோலிலிருந்து தனியே வந்தது.   அதோடு எலும்புகளும் ஒத்துப்போகின்றன: தீவுகளில் மறைந்துபோன மற்ற கிளிகளும் ஆசியச் சாயலில்தான் இருந்தன. வாசாக் கிளிகளும் கடல் தாண்டக்கூடியவைதான், அதற்கு செஷல்ஸ் சாட்சி. அங்கே பிராலின் தீவில் இரட்டைத் தேங்காய் மரங்களுக்கு நடுவே இன்றும் வாழும் கரும்கிளி, அந்த நாட்டின் தேசியப் பறவை, வாசா இனம்தான். அவ்வளவு தூரம் போனது மடகாஸ்கருக்குக் கிழக்கே பூர்போனுக்கும் போயிருக்கக்கூடும், ஆனால் அது போனதற்குச் சாட்சியாகாது.

இதைவிடக் கடினமான கேள்வி எலும்பிலிருந்து வருகிறது. எலும்பாய்வாளர்கள் சொன்ன ஆசியச் சாயலை டி.என்.ஏ.வும் ஆமோதித்துவிட்டதால் வழக்கை மூடிவிட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். மைட்டோகாண்ட்ரியாவின் எழுத்து ஒரு தாய்வழிக் கோடு மட்டுமே என்பதை மேலே சொன்னேன். ஒரு கோடு முழு வம்சத்தின் கதையாகாது. இரண்டு இனங்கள் என்றோ கலந்திருந்தால் அந்தக் கோடு ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மறுபக்கத்தை மறைத்துவிடும். எலும்பின் வாதத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. பருத்த அலகும் அதைத் தாங்கும் தாடையும், உடைக்கக் கடினமான கொட்டைகளைத் தின்று வாழும் எந்தக் கிளிக்கும் தேவைப்படும். தேவை ஒன்றானால் வெவ்வேறு வம்சங்கள் ஒரே கருவியைத் தனித்தனியே செய்துகொள்ளும். சிவப்பு மூக்கின் கதையும் அதுதான்.  அந்தச் சிவப்பு ஆசியக் கிளிகளுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்து இல்லை; இந்த முறை அது சரியாகச் சொன்னது, அவ்வளவுதான்.

அப்படியானால் 2012இன் வம்சமரம் முழுவதையும் வெட்டிப் போட வேண்டுமா? ஒரு சாட்சி பொய்த்தால் வழக்குக் கட்டையே கிழிப்பது வக்கீல் புத்தி. அந்த மரத்தின் மற்ற கிளைகளை வேறு தோல்களிலிருந்து, வேறு நேரங்களில் படித்துப் பார்த்திருக்கிறார்கள், அவை நிற்கின்றன. நமக்கு இன்னும் சில உறவுகள் அங்கே இருக்கின்றன. ரொட்ரிக்ஸ் தீவில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு கிளி வாழ்ந்தது. 1691இல் அங்கே கரையேறி இரண்டு வருஷம் தங்கிய பிரான்சுவா லெகா என்ற புராட்டஸ்டண்ட் அகதி, அவற்றைப் பழக்கிப் பேச வைத்ததையும், ஒன்று பிரெஞ்சும் பிளெமிஷும் பேசியதையும் எழுதினார். ஆல்ஃபிரட் நியூட்டன் 1872இல் அதற்குப் பெயர் வைப்பதற்குள் இனமே முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. 1871இல் ஒரு பெட்டையும் 1875இல் ஒரு சேவலும் சேகரிக்கப்பட்டன. கேம்பிரிட்ஜில் இருக்கும் அந்த இரண்டு தோல்தான் இனத்தின் முழு ஆஸ்தி. அந்தத் தோல் சொன்ன உறவு நம் பச்சைக்கிளி வகையறா. மொரீஷியசில் இன்றும் வாழும் எக்கோ கிளியும் அதே வகையறா; 2004இல் குரூம்பிரிட்ஜ் குழு செய்த ஆய்வில் அது ஆப்பிரிக்காவின் பச்சைக்கிளியைவிட இந்தியப் பச்சைக்கிளிக்கே கிட்டத்து உறவு என்று வந்தது. பக்கத்தில் இருக்கும் கண்டத்தை விட்டுவிட்டு, நாலாயிரம் கிலோமீட்டர் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம்மோடு உறவு! இதற்கு 2012 ஆய்வு சொன்ன விளக்கம் இன்றும் பெறுமதி உள்ளது. பனியூழிகளில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியபோது லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கே நீளும் திட்டுகளும், இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சாயா த மால்யா போன்ற மேடுகளும் வெளியே தலைகாட்டின. ஆற்றைக் கடக்க நாம் கல்லுக்குக் கல் தாண்டுவதுபோலக் கிளிகள் தீவுக்குத் தீவு தாண்டின. அப்படி வந்த இன்னொரு கிளை செஷல்ஸ் பைங்கிளி. அதுவும் செஞ்சிக் கிளியின் உறவு, தோளில் அதே சிவப்புத் திட்டு. 1893க்குப் பிறகு அதை யாரும் சேகரிக்கவில்லை; 1906இல் தேடியபோது கிடைக்கவுமில்லை. தென்னந்தோப்புக்காகக் காடு போயிற்று, மக்காச்சோளத்தைத் தின்கிறது என்று பறவையைச் சுட்டார்கள்.

மக்காச்சோளம் என்றதும் ஆனைக்குட்டத்துக்குத் திரும்பிவிடலாம். கிளி ஓட்டுவது தமிழ்நிலத்தில் சங்கப் பாட்டின் வயதுள்ள வேலை. குறிஞ்சியின் தினைப்புனத்தில் பரண் மேல் உட்கார்ந்த பெண்கள் தட்டை, குளிர், தழல் என்று ஒலியெழுப்பும் கருவிகளால் கிளியை விரட்டினார்கள். அதே கிளி விளைச்சலின் எதிரி, அம்மனின் தோழி, காதலின் தூது, மரத்தடியில் சீட்டெடுக்கும் ஜோசியக்காரனின் கூட்டாளி. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ச் சட்டத்துக்குப் பிறகு அதைக் கூண்டில் வைப்பது குற்றம் என்பதால் கடைசி உத்தியோகம் மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டியும் பிடித்தும் இரண்டாயிரம் வருஷம் ஆகியும் பச்சைக்கிளி இங்கே அழியவில்லை. செஷல்சின் பைங்கிளி தாங்கவில்லை. தீவில் ஓட ஓரிடம் இல்லை என்பதுதான் வித்தியாசம். கரிசலில் விரட்டினால் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் போகும், பனந்தோப்புப் பொந்துக்குப் போகும், அடுத்த வாரம் திரும்பி வரும்.

செத்த கிளிக்கு உறவுமுறை கண்டுபிடித்து என்ன லாபம் என்ற கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. இதற்குச் செலவாவது பொதுப் பணம். வட அமெரிக்காவின் கரோலினாக் கிளி ஒரு பதில் சொல்கிறது. அதன் கடைசிப் பறவை 1918இல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. ஸ்பெயினில் ஒரு தனியார் சேகரத்தில் இருந்த உடலிலிருந்து 2020இல் முழு மரபுத்தொகுதியைப் படித்தவர்கள், நெடுங்காலமாகச் சுருங்கி வந்த இனத்துக்கு இருக்கும் உள்ளுறவுத் தழும்புகள் அதில் இல்லை என்றார்கள். நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த இனம் திடீரென்று போயிருக்கிறது. ‘அது எப்படியும் அழிய இருந்த இனம்தான்’ என்ற சமாதானத்தை அந்தத் தோல் பறித்துவிட்டது. இரண்டாவது பதில் மொரீஷியசில் உயிரோடு பறக்கிறது. 1980களில் எக்கோ கிளி ஒரு டஜனுக்குள் சுருங்கியிருந்தது. கார்ல் ஜோன்ஸும் அவருடைய ஆட்களும் பொந்துகளைச் செப்பனிட்டு, குஞ்சுகளைக் கையில் வளர்த்து, காட்டில் விட்டார்கள். இன்று எழுநூறுக்கு மேல். எது அந்தத் தீவின் சொந்த வம்சம், எது வந்தேறி என்று தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஏனென்றால் வந்தேறியும் அங்கே இருக்கிறது: 1886 வாக்கில் கூண்டிலிருந்து தப்பிய இந்தியப் பச்சைக்கிளி. கடல் இறங்கிய காலத்தில் திட்டுத் திட்டாகத் தாண்டி வந்த கிளையும், கப்பலில் கூண்டில் வந்த கிளையும், பல லட்சம் வருஷம் கழித்து ஒரே மரத்தின் ஒரே பொந்துக்காகச் சண்டை போடுகின்றன.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: பச்சை உடம்பு, சேவலின் கழுத்தில் ஆரம். எக்கோவின் வால் கொஞ்சம் கட்டை, பச்சை கொஞ்சம் கருமை. காட்டில் நிற்கிற கண்காணிப்பாளருக்கு அந்த நுணுக்கம் இலைமறைவில் உதவாது. அங்கே கடைசியில் பயன்படுவது, வம்சம் சொல்வதில் தனியாக நம்பக் கூடாது என்று இவ்வளவு நேரம் நான் வாதாடிய அதே மூக்குதான். எக்கோப் பெட்டையின் அலகு வளர்ந்ததும் கறுத்துவிடும். ஆகவே மொரீஷியசில் ஒரு பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் வளர்ந்த பெட்டைக்கு மாதுளம்பூ நிறத்தில் மூக்கு இருந்தால், அது நம்மூர்க்காரி.